விறாந்தை மேசை

எமது வீட்டு விறாந்தையில் ஒரு மேசை கிடக்கின்றது. எம் தந்தையார் காலத்து வேப்பம் பலகை மேசை. ஒரு கால் சிறிது கட்டை. ஆகையால் அதன் கீழே மடித்த அட்டைத் துண்டொன்று எப்போதும் இருக்கும். 2016 ஆம் ஆண்டு தொடக்கம் 2024 ஆம் ஆண்டு வரை, எட்டு ஆண்டுகள் அதுவே எம் மகளின் பள்ளிக்கூடம். நாமும் எம் இல்லாளுமே உபாத்தியாயர்கள். மாணாக்கர் தொகை ஒன்று. வரவுப் பதிவேடு இல்லை; மணி இல்லை; பிரம்பும் இல்லை. அப்பள்ளிக்கூடம் இப்போது மூடப்பட்டுவிட்டது. அதற்கு நிறுவுநர் நினைவுமலர் வெளியிடுவார் எவருமில்லையாதலின் அதன் கதையை நாமே எழுதவேண்டியதாயிற்று.

கல்லூரியிலே தமிழும் வரலாறும் கற்பிப்பது எமது தொழில். ஊரார் பிள்ளைகளுக்குப் பாடசாலையிற் பாடஞ் சொல்லி ஊதியம் பெறும் ஒருவர் தம் பிள்ளையை மாத்திரம் பாடசாலைக்கு அனுப்பாதிருந்தது எங்ஙனம் என்று வாசகர் வினவுதல் கூடும். கரவெட்டியில் அதனை வினவாதார் இல்லை. சந்தையிலே கேட்டனர், கோயில் வீதியிலே கேட்டனர், செத்தவீட்டிலே பந்தற்காலைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுங் கேட்டனர்.

காரணம் தொய்வு. பிள்ளைக்கு நான்காம் வயதிலே தொடங்கியது. எட்டாம் வயதில், நான்காம் வகுப்பிற் படிக்கும்போது, அது முற்றியது. வகுப்பறையில் வெண்கட்டித் தூசி, வெளியே குப்பை எரிக்கும் புகை, மார்கழிப் பனி. இரண்டு தவணைகளில் பாடசாலைக்குச் சென்ற நாட்களிலும் மந்திகை வைத்தியசாலையிற் கிடந்த நாட்களும் வீட்டில் மூச்சிழுத்துக் கிடந்த நாட்களுமே அதிகம். ஒரு நாள் நடுவகுப்பிலே உதடு நீலம் பாரித்துவிட்டதென்று எமக்குத் தொலைபேசியிற் சொன்னார்கள். அன்று துவிச்சக்கர வண்டியை எங்கே போட்டுவிட்டு ஓடினோம் என்பது இன்றும் நினைவில் இல்லை. அக்கிழமையே தீர்மானித்தோம், இனி வீட்டிலே படிக்கட்டும் என்று.

காலையில் இல்லாள் கணிதமும் விஞ்ஞானமும் சொல்லிக் கொடுத்தாள். பிற்பகல் நாம் கல்லூரியிலிருந்து வந்து சோறு தின்று, கையலம்பிய ஈரங் காயுமுன் தமிழையும் வரலாற்றையும் தொடங்குவோம். ஆங்கிலமும் சைவநெறியும் இரவுக்கு. இலவசப் பாடநூல் 1980 ஆம் ஆண்டிலிருந்து இந்நாட்டுப் பாடசாலைப் பிள்ளைகள் யாவருக்கும் கிடைத்துவருகின்றது. எம் பிள்ளையின் பெயர் எந்தப் பாடசாலையின் இடாப்பிலும் இல்லையாகையால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் பழைய நூல்களை இரந்து பெற்றோம். அவற்றின் ஓரங்களில் முன்னையோர் கிறுக்கிய மீசைகளும் கண்ணாடிகளும் இருந்தன. எம் மகளுக்கு வகுப்புத் தோழர் என்று சொல்லத்தக்கார் அந்தக் கிறுக்கல்காரர்களே. இதனை அன்று நாம் பகிடியாகச் சொன்னோம். பகிடியன்று என்பது பின்னரே தெரிந்தது.

எம்மைக் கண்டித்தவருள் ஒருவரை மறக்கவியலாது. ஓய்வுபெற்ற ஆசிரியர் அவர், எண்பதைக் கடந்தவர், தேவரையாளியிற் படித்தவர். அப்பாடசாலையின் வரலாற்றை இளைய வாசகர் அறிதல் நன்று. சாதியின் பேரால் ஏனைய பாடசாலைகளின் வாசலிலே தடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காகச் சைவப் பெரியார் சூரன் 1914 ஆம் ஆண்டிலே தொடக்கிய சைவ வித்தியாசாலை அது. இன்று தேவரையாளி இந்துக் கல்லூரி. 1930 ஆம் ஆண்டை அண்டிய காலத்தில், எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் கொடுக்கவேண்டும் என்ற விதி வந்தபோது, அதனைப் பொறாதார் யாழ்ப்பாணத்திலே பள்ளிக்கூடங்களுக்குத் தீ வைத்த கதையும் உண்டு. கன்னங்கரா அவர்கள் முயன்று இலவசக் கல்வி வந்தது 1945 ஆம் ஆண்டிலேயே. இவ்வளவையும் தம் குடும்பத்தின் கதையாகவே அறிந்த அப்பெரியவர் எமது படலையடியில் வண்டியை நிறுத்தி, இறங்காமலே சொன்னார்: “எங்கட ஆக்கள் பள்ளிக்கூட வாசலுக்குள்ள கால் வைக்க என்ன பாடு பட்டவை எண்டு வரலாறு படிப்பிக்கிற உமக்குத் தெரியாதே? வாசல் திறந்து கிடக்க, நீர் பிள்ளையை வீட்டுக்குள்ள வைச்சிருக்கிறீர்.”

பிள்ளையின் நோயைச் சொன்னோம். கேட்டார். “சுகமானதும் அனுப்பும்” என்று சொல்லிப் போனார்.

எமது நாட்டிற் பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்புதல் பெற்றோர் விருப்பத்தைப் பொறுத்ததன்று. 1939 ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டத்தின் கீழ் 1997 இல் ஆக்கப்பெற்ற விதி 5 வயது முதல் 14 வயது வரை அதனைக் கட்டாயமாக்கியது. 2016 இல் அவ்வெல்லை 16 ஆக உயர்ந்தது. எம்மைத் தேடியும் ஓர் அலுவலர் வந்தார். வைத்தியரின் துண்டுகளைக் காட்டினோம். மேசையில் இருந்த கொப்பிகளைப் புரட்டிப் பார்த்தார். எலுமிச்சந் தண்ணீர் குடித்தார். நல்ல எழுத்து என்று மெச்சிவிட்டுப் போனார். பிறகு எவரும் வரவில்லை.

இங்கே ஒன்றை ஒளிக்காமற் சொல்லிவிட வேண்டும். 2018 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் வைத்தியர் பிள்ளையின் நெஞ்சைச் சோதித்துவிட்டு, நாள்தோறும் இழுக்கும் மருந்து நன்கு வேலை செய்கின்றது, இனிப் பாடசாலைக்கு அனுப்பலாம், சட்டைப் பையிலே பம்மை வைத்து அனுப்புங்கள் என்றார். அதனை நாம் ஒருவருக்குஞ் சொல்லவில்லை. அடுத்த தவணைக்கு அனுப்புவோம் என்றோம். அத்தவணை வந்தபோது மழைக்காலம். அதற்கடுத்த தவணை வந்தபோது, ஏழாம் வகுப்பின் நடுவிலே போய் என்ன செய்வாள் என்றோம். உண்மை வேறு. பிள்ளை நன்றாகப் படித்தாள். பதினொரு வயதிலே நாம் கல்லூரியிற் பெரிய வகுப்புக்குச் சொல்லும் செய்யுளுக்குப் பொருள் சொன்னாள். நாற்பது பிள்ளைகளுள்ள வகுப்பிலே அரைவாசிப் பேர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்க அலுத்துப்போய் வீடு திரும்பும் ஆசிரியனுக்கு, வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரேயொரு மாணாக்கி கிடைத்துவிட்டால் அவளை விட்டுக்கொடுக்க மனம் வருமா? நோய் பிள்ளையைவிட்டு விலகத் தொடங்கியது, நாம் விலகவில்லை. அந்த அலுவலர் மீண்டும் வந்திருந்தால் அவருக்குச் சொல்ல நேர்மையான விடை எம்மிடம் இருந்திராது.

விடை இல்லாதவர் சான்று தேடுவது வழக்கம். நாமுந் தேடினோம். தென்புலோலியூர்க் கந்தமுருகேசனார் தம் வீட்டிலே வைத்துத்தானே இலக்கணமும் இலக்கியமும் கற்பித்தார் என்று வாதித்தோம். அவரிடம் படித்தோர் வடமராட்சியிலே பெயர்பெற்ற ஆசிரியர்களாயும் எழுத்தாளர்களாயும் விளங்கினர் என்பது உண்மையே. ஆனால் இல்லாள் ஒரு வார்த்தை கேட்டாள்: “அவரிட்டைப் படிக்கப் பலபேர் வந்தவை. எங்கட விறாந்தையில எத்தினை பேர்?”

அடுத்து டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களைத் துணைக்கழைத்தோம். 1886 இல் பிறந்தவர். தந்தையார் நாராயணசாமி ஐயர் புதுக்கோட்டை மன்னர் கல்லூரியின் அதிபராயிருந்தவர். பருவமடைந்த பெண்பிள்ளை பள்ளிக்கூடம் போகலாகாது என்ற காலமாதலின் மகளின் படிப்பு வீட்டுக்குள்ளே நடந்தது. 1902 இல் மெற்றிக்குலேஷன் பரீட்சையிற் சித்தியெய்தினார். அதன்பின் ஆடவர் மாத்திரம் பயின்ற அக்கல்லூரியிலே அவரைச் சேர்ப்பதற்குப் பெரிய எதிர்ப்புக் கிளம்பிற்று. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இடங்கொடுத்தமையால் உள்ளே புகுந்தார். 1907 இல் சென்னை மருத்துவக் கல்லூரி. 1912 இல் மருத்துவர். வீட்டுக் கல்விக்கு இதனினும் சிறந்த சான்று தமிழ் மக்களிடையே இல்லை என்று மேசையைத் தட்டிச் சொன்னோம். சொல்லிமுடித்தபின் எமக்கே உறைத்தது. நாராயணசாமி ஐயர் மகளை வீட்டில் வைத்துக் கற்பித்தது வெளியே கதவு சாத்தியிருந்தமையால். கதவு சிறிது நீங்கியவுடன் ஊர்ப் பழியையும் பாராமல் வெளியே அனுப்பினார். படலையடியில் நின்று அந்தப் பெரியவர் சொன்னதும் இதுதானே!

புலம்பெயர்ந்த எம் உறவினரிடமும் கேட்டுப் பார்த்தோம். இலண்டனில் உள்ளவர், இங்கிலாந்தின் சட்டம் பிள்ளைக்குத் தக்க கல்வி கொடுக்கவேண்டும் என்றுதான் சொல்கிறது, பாடசாலையில்தான் என்று சொல்லவில்லை என்றார். ஜெர்மனியில் உள்ளவர், இங்கே அப்படி வைத்திருந்தால் வழக்கு வரும் என்றார். ஒரே பாட்டனின் பேரர்கள் இருவர் இரண்டு நாட்டில் இருந்துகொண்டு இரண்டு நீதி சொன்னார்கள். எமக்கு வசதியானதை எடுத்துக்கொண்டோம்.

2020 ஆம் ஆண்டு பங்குனியிலே கொரோனாக் காரணமாக நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டன. எம்மைக் குறைசொன்ன வீடுகளெல்லாம் ஒரே நாளிலே பள்ளிக்கூடங்களாயின. நேரசூசி எப்படிப் போடுவது என்று எம்மிடமே கேட்க வந்தார்கள். நாம் சிறிது தலை நிமிர்ந்து நடந்தோம் என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் பாடசாலைகள் மீண்டுந் திறந்த அன்று காலை, ஒழுங்கையால் வெள்ளைச் சட்டைப் பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு போவதை எம் மகள் மேசையில் இருந்தபடியே கழுத்தை நீட்டிப் பார்த்தாள். கடைசிப் பிள்ளை கோயிலடி மூலையில் திரும்பும் வரை பார்த்தாள். “கணக்கைச் செய், பிள்ளை” என்றோம். செய்தாள்.

இனி எம் தாயாரைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் எட்டாம் வகுப்புவரை படித்தவர். எமக்கு எட்டு வயதாயிருந்த 1987 ஆம் ஆண்டு, வைகாசி மாத இறுதியிலே வடமராட்சி மீது படைநடவடிக்கை நடந்தது. நெல்லியடி மத்திய மகா வித்தியாலயக் கட்டிடமே படைமுகாமாக இருந்தது. 1995 ஆம் ஆண்டு ஐப்பசி 30 ஆந் திகதி வலிகாமத்து மக்கள் ஓரிரவிலே பெயர்ந்து தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் வந்தபோது, பாடசாலைகள் அவர்கள் தலைசாய்க்கும் இடங்களாயின. அவ்விரு காலத்திலும் எமக்கு வீடே பள்ளிக்கூடம், தாயாரே ஆசிரியர். 1990 இலிருந்து யாழ்ப்பாணத்தில் மின்சாரமே கிடையாது. ஜாம் போத்தலுக்குள்ளே பஞ்சை வைத்துச் சிறிதளவு மண்ணெண்ணெய் வார்த்து, சைக்கிள் வால்வுக் குழாயிலே திரி செருகி ஏற்றிய விளக்கை இக்காலப் பிள்ளைகள் அறியார். அதன் முன்னே நாம் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்தோம். தாயார் பக்கத்திலிருந்து முருங்கையிலை ஆய்ந்துகொண்டே, “படிச்சதை எனக்குச் சொல்லு” என்பார். சொன்னால், “எனக்கு விளங்கேல்லை, திரும்பச் சொல்லு” என்பார். அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லையா, அல்லது விளங்காததுபோல் நடித்தாரா என்பதை இன்றுவரை நாம் கேட்டறியவில்லை. அவரிடமிருந்து நாம் ஒரு பாடமும் கற்றதாக அன்று எண்ணவில்லை. அவருக்கு நாமே கற்பிக்கின்றோம் என்றல்லவா இறுமாந்திருந்தோம்!

2022 ஆம் ஆண்டு வந்தது. டொலர் இல்லை, எண்ணெய் இல்லை, காகிதம் இல்லை. மேல் மாகாணத்திலே காகிதம் இல்லாமையால் தவணைப் பரீட்சையைத் தள்ளிவைத்தார்கள். பங்குனி மாத இறுதியிலே மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை நீண்டது. ஒரு நாள் மாலை இருட்டிய பின்பு தாயார் குசினிக்குள்ளிருந்து எதையோ உருட்டும் ஓசை கேட்டது. சிறிது நேரத்தில் ஜாம் போத்தல் விளக்கோடு வெளியே வந்தார். இருபத்தைந்து ஆண்டுக்கு மேலாயிற்று, கை மறக்கவில்லை. மேசையில் வைத்தார். சுடர் ஆடியது. பிள்ளை இரண்டு முறை இருமினாள். தாயார் ஒன்றும் பேசாமல் விளக்கை வாயால் ஊதி அணைத்து, முற்றத்துக் கோடியிலே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

கைத்தொலைபேசியிலும் மின் இல்லை. நல்ல இருட்டு. அன்றைய பாடம் இவ்வளவுதான் என்று நாம் எழுந்தோம். அப்போது தாயார் திண்ணைத் தூணிலே சாய்ந்திருந்துகொண்டு, “பிள்ளை, புத்தகம் வேண்டாம். இண்டைக்குப் படிச்சதை எனக்குச் சொல்லு” என்றார்.

அன்று படித்தது மின்சுற்று. பிள்ளை தொடங்கினாள். மின்னோட்டம் என்பது ஏற்றங்கள் பாயும் வீதம் என்று நூலில் உள்ளபடியே ஒப்பித்தாள்.

“புத்தகத்தில இருக்கிற மாதிரிச் சொல்லாதை. எனக்கு விளங்கிற மாதிரிச் சொல்லு.”

பிள்ளை பேசாதிருந்தாள். இந்தப் பேச்சின்மை எமக்குப் பழக்கமில்லாதது. எமது மேசையிலே பிள்ளை தடுமாறினால் விடையின் முதற் சொல்லை நாம் எடுத்துக் கொடுத்துவிடுவோம். மீதியை அவள் முடிப்பாள். அதனையே கெட்டிக்காரத்தனம் என்று நாம் மகிழ்வோம். வாய் உன்னியது. இருட்டிலே இல்லாளின் கை எம் தோளில் அழுந்தியது. இருந்துவிட்டோம்.

“அப்பாச்சி, தோட்டத்தில வாய்க்காலால தண்ணி ஓடுதெல்லோ. அது மாதிரித்தான் கறன்ற். தொட்டி உயரத்தில இருந்தால் தண்ணி வேகமாய் வரும். அந்த உயரம்தான் வோல்ற்றளவு. மடையை ஒடுக்கினால் தண்ணி குறையும். அதுதான் தடை.”

“அது சரி” என்றார் தாயார். சிறிது நேரஞ் சென்றது. பிறகு கேட்டார்: “வாய்க்கால் தண்ணி பாத்தியில ஊறிப்போகும். வெங்காயம் குடிக்கும். கறன்ற் பல்பு வரைக்கும் வந்து எங்க போகுது?”

மூன்று தலைமுறை வெங்காயத் தோட்டஞ் செய்த வீட்டுப் பெண்ணின் கேள்வி அது. உவமையின் ஓட்டை எங்கேயென்று விரலை வைத்துக் காட்டிவிட்டது. நாம் வரலாற்று ஆசிரியர். எனினும் இதற்கு விடை எமக்குத் தெரியும். சொல்ல நாத் தினவெடுத்தது. எத்தனை நேரம் ஆயிற்றோ, தவளைகள் கத்திக்கொண்டிருந்தன. பிள்ளை எழுந்து விறாந்தையிலே அங்குமிங்கும் நடந்தாள். நின்றாள்.

“அப்பாச்சி, அது ஊறிப்போகேலாது. திரும்பி வரவேணும். தொட்டிக்கே திரும்பி வரவேணும். வராட்டில் ஓடாது. அதுதான் வயர் ரெண்டு! அதுதான் சுற்று எண்டு பேர்!”

நூலிலே அப்படம் நான்கு முறை வரையப்பட்டிருக்கின்றது. அவளே அதனை இருபது முறையாவது கொப்பியில் வரைந்திருப்பாள். சுற்று என்னுஞ் சொல்லின் பொருள் அன்று இருட்டிலேதான் அவள் கைக்கு வந்தது. “ஓமோம், இப்ப விளங்குது” என்றார் தாயார். அடுத்த நாளும் கேட்டார். மின்வெட்டு நீங்கிய பின்பும் கேட்டார். நாம் அதன்பின் வாயைக் கட்டுப்படுத்த முயன்றோம். முழுதும் முடிந்தது என்று சொல்ல மாட்டோம்; இருபதாண்டுப் பழக்கம் இரண்டாண்டிலே போய்விடாது.

தனியார் பரீட்சார்த்தியாக விண்ணப்பித்தாள். 2023 ஆம் ஆண்டுக்குரிய சாதாரண தரப் பரீட்சை 2024 வைகாசி 6 ஆந் திகதி தொடங்கியது. சீருடைப் பிள்ளைகள் கூட்டங்கூட்டமாக நின்று ஒருவரையொருவர் கேள்வி கேட்டுக்கொண்டிருக்க, எம் பிள்ளை மரத்தடியிலே தனியே நின்றாள். வாழ்விலே முதன்முறையாக அறிமுகமில்லாத ஐம்பது பேரோடு ஒரே மண்டபத்தில் இருக்கப்போகின்றாள். பம் சட்டைப் பையில் இருந்தது. நாம் அவள் தொய்வுக்குப் பயந்தோம். பயப்படவேண்டியது அதற்கன்று என்பது மத்தியானம் அவள் வெளியே வந்தபோது தெரிந்தது.

எப்படியென்று கேட்டோம். உடனே சொல்லவில்லை. சைக்கிளில் ஏறி நெல்லியடிச் சந்தியைக் கடந்த பின்பே பின்னாலிருந்து சொன்னாள்: “கேள்வியை வாசிச்ச உடன உங்கட குரல்தான் அப்பா கேட்டது. நீங்கள் முதற் சொல்லை எடுத்துத் தருவியள் எண்டு பாத்துக்கொண்டு இருந்திட்டன். கால் மணித்தியாலம் ஒண்டும் எழுதேல்லை.”

மிதிப்பதை நிறுத்திவிட்டோம். வண்டி தானாக உருண்டது.

“பிறகு?”

“பிறகு அப்பாச்சிக்குச் சொல்லுற மாதிரி நினைச்சுக்கொண்டு எழுதினன். முடிச்சிட்டன்.”

எட்டாண்டு நாள்தோறும் நாம் கொடுத்த குரல் அந்த மண்டபத்திலே அவளுக்குத் தடையாய் நின்றது. கேட்டுக்கொண்டிருந்த ஒருவரின் மௌனம் அவளைக் கரையேற்றியது. இதனை வீட்டிலே எவருக்கும் நாம் சொல்லவில்லை. இன்றுதான் சொல்கின்றோம்.

புரட்டாதி இறுதியிலே பெறுபேறு வந்தது. நன்றாகவே வந்தது, அதை விரித்துரைப்பது இக்கட்டுரைக்கு வேண்டியதன்று. அன்றிரவு சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் மகள், “அப்பா, உயர்தரத்துக்கு நான் பள்ளிக்கூடம் போகப்போறன்” என்றாள். போகட்டுமா என்று கேட்கவில்லை. போகப்போகிறேன் என்றாள். கணிதத்தையும் பௌதிகத்தையும் வீட்டில் எவர் சொல்லித் தருவது என்று அதற்கொரு நியாயமுஞ் சொன்னாள்; அந்நியாயம் எம் மனம் நோகாதிருப்பதற்காகச் சொல்லப்பட்டது என்பது எமக்கு விளங்கியது. இல்லாள் ஒன்றுஞ் சொல்லாது அவள் கோப்பையிலே இன்னுமொரு அகப்பை சோறு போட்டாள். தாயார் மட்டும், “விசயதசமி கழியட்டும், பிறகு போகலாம்” என்றார். ஏடு தொடக்கும் நாள் கழிந்து பாடசாலை தொடங்கவேண்டும் என்பது அவர் கணக்கு. மூன்று வயதிலே பச்சையரிசியில் எம் மடியில் இருந்து அகரம் எழுதிய பிள்ளைக்குப் பதினேழாம் வயதிலே இன்னொரு முறை ஏடு தொடக்கியதுபோலாயிற்று. வெள்ளைத் துணி வாங்கித் தைப்பித்தோம். கழுத்துப் பட்டி கட்டத் தெரியாமல் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

அந்தத் திங்கட்கிழமை காலை அவள் சைக்கிளில் போனாள். நாமும் கல்லூரிக்குப் போனோம். மூன்றாம் பாடத்திலே யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்த ஒரு பையனை எழுப்பிக் கேள்வி கேட்டோம். அவன் தடுமாறினான். காத்திருந்தோம். வகுப்பே எம்மை வியப்போடு பார்த்தது. வழக்கமாக அவ்வளவு நேரம் நாம் பொறுப்பதில்லை. அவன் ஒரு விடை சொன்னான். பிழையான விடை. ஆயினும் அவனுடையது.

பிற்பகல் முன்னதாகவே வீட்டுக்கு வந்து மேசையருகே கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தோம். இரண்டரைக்குப் படலை திறக்கும் ஓசை கேட்டது. சப்பாத்தைக் கழற்றினாள், எம்மைப் பார்த்துச் சிரித்தாள், மேசையைக் கடந்து நேரே பின்முற்றத்துக்குப் போனாள்.

“அப்பாச்சி, இண்டைக்கு நான் ஒரு கேள்விக்குப் பிழையாய்ச் சொல்லிப்போட்டன். எல்லாரும் சிரிச்சவை.”

“நீயும் சிரிச்சனியோ?”

“ஓம். பக்கத்தில இருந்த பிள்ளைதான் பிறகு சொல்லித் தந்தவ. நாளைக்கு அவவோடதான் இருக்கப்போறன்.”

யன்னலூடாகக் கேட்டுக்கொண்டிருந்தோம். என்ன கேள்வி, என்ன பிழை என்று எழுந்துபோய்க் கேட்க மனம் உந்தியது. போகவில்லை.

சனிக்கிழமை வீடு கூட்டும்போது இல்லாள், மேசையை உள்ளே எடுத்து வைப்போமா, விறாந்தை அகலமாயிருக்கும் என்றாள். இருக்கட்டும் என்றோம். அட்டைத் துண்டு நைந்திருந்தது. புதிதாக ஒன்று மடித்து வைத்தோம். சிறிது நேரத்தில் தாயார் வந்து, வெயில் நன்றாக விழுகின்ற இடமென்று சொல்லி, மேசையின்மேற் சுளகை வைத்து அரிசியைப் பரப்பிவிட்டுப் போனார்.